ஜெர்சித் தீவில் வாக்களித்த அனுபவம்: ஐந்து வாக்குகள் இருந்தும் விடை கிடைக்காத ஒரு கேள்வி

பிரான்ஸின் நார்மண்டிக் கரைக்கு அருகே ஆங்கிலக் கால்வாயில் இருக்கும் ஜெர்சி, ஐக்கிய இராச்சியத்தின் பகுதி அன்று. பிரித்தானிய முடியாட்சிக்கு உட்பட்டிருந்தாலும் தனக்கெனச் சட்டமன்றம், அரசு, வரி அனைத்தையும் வைத்திருக்கும் தீவு. பரப்பு ஏறத்தாழ 120 சதுர கிலோமீட்டர். 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 1,03,267. இங்கே வாக்களிப்பதற்கு, எந்த நாட்டின் குடிமகன் என்பது ஒரு பொருட்டே இல்லை. 16 வயது நிரம்பியவராய், இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து தீவில் வசித்தவராய் இருந்தால் வாக்களிக்கலாம். என் மனைவியின் செவிலியர் பணியின் பொருட்டு இங்கே குடிவந்த நாங்கள் இருவரும், 2022 ஜூன் 22 அன்று நடந்த பொதுத்தேர்தலில் இந்தியக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டே வாக்களித்தோம். போட்டியிடுவதற்குத்தான் பிரித்தானியக் குடியுரிமை தேவைப்பட்டது. வெளியிலிருந்து வந்து சாதாரண வேலையில் சேர்ந்த ஒருவர், பத்து ஆண்டுகள் கழித்துத்தான் தங்குதடையின்றி இங்கே வீடு வாங்க முடியும் என்பதை நினைத்துப் பார்த்தால், வாக்குரிமையில் இவர்கள் காட்டும் தாராளம் எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

அந்தத் தேர்தலில்தான் புதிய முறை நடைமுறைக்கு வந்தது. சட்டமன்றத்தில் மொத்தம் 49 இடங்கள். ஒன்பது தொகுதிகளிலிருந்து டெபுடிகள் எனப்படும் 37 தொகுதி உறுப்பினர்கள். அவர்களோடு, பாரிஷ்கள் எனப்படும் தீவின் 12 உள்ளூராட்சிப் பகுதிகளின் தலைவர்களான கொனெட்டாபிள்கள். நம் ஊராட்சித் தலைவர்கள் அனைவரும் அந்தப் பதவியின் பேரிலேயே சட்டமன்றத்தில் உட்கார்ந்து வாக்களித்தால் எப்படி இருக்குமோ, அப்படிப்பட்ட ஏற்பாடு அது. இதை மாற்றலாமா என்று 2014இல் பொதுவாக்கெடுப்பு நடத்தியபோதும் மக்கள் கொனெட்டாபிள்கள் தொடரட்டும் என்றே சொல்லிவிட்டார்கள். ஆனால் தீவு முழுவதற்குமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்த எட்டு செனட்டர் பதவிகள் 2022இல் ஒழிக்கப்பட்டன. இந்த மாற்றத்தை என்னோடு வேலை பார்ப்பவர்களில் பலர் ஏற்கவில்லை.

நாங்கள் இருப்பது செயின்ட் சேவியர். அந்தத் தேர்தலில் அது ஐந்து டெபுடிகளைத் தேர்ந்தெடுக்கும் தொகுதி என்பதால் ஆளுக்கு ஐந்து வாக்குகள். வேட்பாளர்களின் படமும் வாக்குறுதிகளும் அச்சிட்ட கையேடு வீட்டுக்கே வந்துவிட்டது. அதைவிட, கதவைத் தட்டிக்கொண்டு வந்த வேட்பாளர்கள்தாம் எனக்குப் புதுமை. கொடியில்லை, மேளமில்லை, கூட வந்த தொண்டர் படையுமில்லை. ஒரு மாலை நேரத்தில் மழையங்கியோடு தனியாக வந்த ஓர் அம்மையார், உள்ளே வரச் சொன்னதற்கும் மறுத்து வாசற்படியிலேயே நின்று, வாடகை எவ்வளவு, மருத்துவமனையில் இரவுப் பணிக்கு ஆள் போதுமா என்று கேட்டுச் சிறு நோட்டில் குறித்துக்கொண்டார். நாங்கள் இந்நாட்டுக் குடிமக்கள் அல்லர் என்று சொன்னதும் அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதை மட்டும் சரிபார்த்துக்கொண்டார். நீங்கள் வென்றால் யாரை முதலமைச்சராக்குவீர்கள் என்று கேட்டேன். யார் யார் வெல்கிறார்கள் என்று பார்த்த பிறகுதான் அதைச் சொல்ல முடியும் என்றார். நேர்மையான பதில்தான். ஆனால் வாக்காளனுக்கு அது என்ன பதில்?

பாரிஷ் மண்டபத்தில் நடந்த வேட்பாளர் கூட்டத்துக்கும் போனேன். அறிமுகத்துக்கு அளந்து கொடுத்த சில நிமிடங்கள், பிறகு எழுந்து நின்று கேள்வி கேட்கும் பொதுமக்கள். அந்த ஆண்டின் பெரிய சண்டை புதிய மருத்துவமனை. ஓவர்டேல் குன்றின்மேல், 80 கோடி பவுண்டைத் தொடும் செலவில், ஒரே வளாகமாகக் கட்டுவது சரியா என்பது கேள்வி. அடுத்து, உணவுப் பொருள்களுக்கும் விதிக்கப்படும் 5 விழுக்காடு விற்பனை வரி. ஆளாளுக்கு ஒரு கருத்துச் சொன்னார்கள். அவற்றில் பலவும் நல்ல கருத்துகள். ஆனால் மேடையில் இருந்த பெரும்பாலோர் சுயேச்சைகள். சொன்னதைச் செய்து முடிக்க 25 பேரின் ஆதரவு வேண்டும், அந்த 25 பேர் யார் என்று எவருக்கும் தெரியாது. ரிஃபார்ம் ஜெர்சி கட்சியினர் மட்டும் ஒரே குரலில் பேசினார்கள். அவர்களுடைய கொள்கையில் எனக்கு முழு உடன்பாடு இல்லையென்றாலும், இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் வாக்காளனை மதித்தார்கள் என்றே சொல்வேன்.

வாக்குப்பதிவு புதன்கிழமை, காலை எட்டு முதல் இரவு எட்டு வரை. மை இல்லை, இயந்திரம் இல்லை, சின்னமும் இல்லை. வாக்குச்சீட்டில் பெயருக்கு நேரே பென்சிலால் பெருக்கல் குறி போட வேண்டியதுதான். ஐந்து வாக்குகளையும் போட்டே ஆக வேண்டும் என்பதில்லை. நான் மூன்றோடு நிறுத்திக்கொண்டேன். மனத்துக்குப் பிடித்த ஒருவரை, அரைமனத்தோடு போட்ட நான்காவது வாக்கே தோற்கடித்துவிடக்கூடும் என்று அலுவலகத்தில் ஒருவர் விளக்கியிருந்தார்; கணக்குப் போட்டுப் பார்த்தால் அது சரிதான்.

முடிவுகள் அன்றிரவே வந்தன. அதுவரை முதலமைச்சராக இருந்த ஜான் லெ ஃபோண்ட்ரே தம் தொகுதியிலேயே தோற்றார். ரிஃபார்ம் ஜெர்சிக்குப் பத்து இடங்கள். பின்னர் சட்டமன்றம் கூடி, அக்கட்சியின் சாம் மெஸெக்கை விடுத்து, கிறிஸ்டினா மூரை 39க்கு 10 என்ற கணக்கில் முதலமைச்சராகத் தேர்ந்தெடுத்தது. அப்பதவிக்கு வந்த முதல் பெண் அவர். 2024 ஜனவரியில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் அவர் பதவி இழக்க, லிண்டன் ஃபார்னம் வந்தார். லெ ஃபோண்ட்ரேயை வீட்டுக்கு அனுப்ப எங்கள் தீவு வாக்காளர்களால் முடிந்தது. அடுத்த முதலமைச்சராக யார் வருவது என்பதில் இரண்டு முறையும் எங்களுக்குப் பங்கில்லை. வாக்குப்பதிவு 41.6 விழுக்காட்டில் நின்றதற்கு மக்களின் சோம்பலைக் காரணம் காட்டுவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

என்னோடு விடுதிக் கணக்குப் பிரிவில் இருப்பவர் மடெய்ராத் தீவிலிருந்து இளவயதில் வந்த போர்ச்சுகீசியர். பிள்ளைகள் இங்கேயே படித்து, வேலைக்கும் போய்விட்டார்கள். அவர் ஒருமுறைகூட வாக்களித்ததில்லை. கேட்டால், பாரிஷ் தலைவரைத் தெரியும், தெருவிளக்கு எரியாவிட்டால் அவரிடமே சொல்லிவிடுவேன், மற்றவர்களைத் தேர்ந்தெடுத்து எனக்கு ஆவதென்ன என்பார். ஒன்பது செனட்டர் பதவிகளை 2026 தேர்தலிலிருந்து மீண்டும் கொண்டுவரச் சட்டமன்றம் முடிவெடுத்த செய்தியை நான்தான் அவருக்குச் சொன்னேன். எந்த பாரிஷில் இருந்தாலும் ஒரே வேட்பாளர் பட்டியலா என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டவர், அந்த வாரமே பெயரைப் பதிவு செய்தார். டெபுடிகளுக்கான சீட்டை வெறுமனே மடித்துப் போட்டுவிடுவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதைப் பற்றி எங்களுக்குள் வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை.