ஏழு நாள் முகாம் இனி வேண்டுமா? எங்கள் கல்லூரி குறித்து ஒரு விவாதம்

ஆற்றங்கரையான் (முன்னாள் மாணவர்)

சேரன்மகாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் இடையில் இருக்கும் எங்கள் கலைக் கல்லூரி சிறியது. மாணவர் எண்ணிக்கை அறுநூறைத் தாண்டியதில்லை. நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாமை இவ்வாண்டு முதல் நிறுத்திவிட்டு, அந்த நாள்களை வங்கித் தேர்வுக்கும் நேர்முகத் தேர்வுக்குமான பயிற்சிக்கு ஒதுக்கலாமா என்று கல்லூரி நம்மிடம் கருத்துக் கேட்டிருக்கிறது. நிறுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கும் மேல் கொட்டியது. தாமிரபரணி இரு கரையும் புரண்டு ஓடியது. மின்சாரமும் இல்லை, கைப்பேசித் தொடர்பும் இல்லை. அன்று, கல்லூரி தத்தெடுத்திருந்த ஆற்றங்கரைக் கிராமத்துக்கு நான் மாணவர்கள் சிலரோடு போனேன். யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நாங்கள் யாரிடமும் கேட்கவில்லை. அதே ஆண்டு முகாமில் வீடு வீடாகக் கணக்கெடுத்திருந்த ஒரு பையன், "கீழத்தெருவில் மூன்றாவது வீட்டுப் பாட்டிக்கு எழுந்து நடக்க முடியாது, முதலில் அங்கே போவோம்" என்றான். முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்ற தெருவில், அந்தப் பாட்டியை நார்க்கட்டிலோடு நான்கு பேர் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தோம். அந்த ஊரில் ஏழு இரவு தங்கியிராவிட்டால், எந்த வீட்டில் கட்டில் கிடக்கிறது என்பது அவனுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

சென்னைக்கு வந்தவன் (முன்னாள் மாணவர்)

அண்ணாச்சி, வெள்ளத்தில் நீங்கள் செய்ததைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வெள்ளம் ஆண்டுதோறும் வருவதில்லை. வேலையில்லாமல் வெளியேறும் மாணவர்களோ ஆண்டுதோறும் வருகிறார்கள்.

நான் இரண்டு முகாம்களுக்குப் போனவன். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கும் ஒரு குளத்தின் கரையில் சீமைக்கருவேல மரங்களை அரிவாளால் வெட்டினோம். வேரோடு பிடுங்க எங்களிடம் கருவியும் இல்லை, காலமும் இல்லை. அடுத்த ஆண்டு போனபோது, வெட்டிய அடிக்கட்டை ஒவ்வொன்றிலிருந்தும் நான்கைந்து கிளைகள் தழைத்து, கரை முன்னைவிட அடர்ந்திருந்தது. மடை திறக்காமல் கிடந்தது அப்படியே கிடந்தது. உபரி நீர் வெளியேறும் மறுகாலில் மண் மேவியதும் அப்படியே இருந்தது. அதே குளத்தின் அதே கரையில் நின்று மீண்டும் வெட்டினோம், பதாகையைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டோம், அறிக்கை பல்கலைக்கழகத்துக்குப் போயிற்று.

பட்டம் பெற்றுச் சென்னைக்கு வந்தபோது, முதல் நேர்முகத் தேர்வில் என்னைப் பற்றி இரண்டு நிமிடம் பேசச் சொன்னார்கள். என்னால் முடியவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். இதை எனக்குச் சொல்லித் தர வீட்டில் யாரும் இல்லை, கல்லூரியும் சொல்லித் தரவில்லை. 2022இல் மாணவர் திறன் பயிற்சிக்காகத் தமிழ்நாடு அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம் வந்தபின் நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. ஆயினும் ஆசிரியர் எண்ணிக்கை குறைவாக உள்ள சிறிய கல்லூரியில் நேரம்தான் பெரும் பஞ்சம். நாளுக்கு எட்டு மணி என்று வைத்தாலும் ஏழு நாளில் ஐம்பத்தாறு மணி நேரம். அந்த நேரத்தை மாணவர்களின் பிழைப்புக்காகச் செலவிடுவதும் சமூகப்பணிதான் என்று நினைக்கிறேன்.

மூன்றாமாண்டு மாணவி

அண்ணன்மார் இருவரும் எழுதியதைப் படித்தேன். இருவருமே, மாலை மணியடித்த பிறகும் கல்லூரியில் இருக்கக்கூடிய மாணவர்களை நினைத்துத்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

எங்கள் ஊர் முக்கூடல் பக்கம். மாலையில் எங்கள் ஊருக்குக் கட்டணமில்லாப் பேருந்து ஒன்றுதான் வரும். அதைத் தவறவிட்டால் தனியார் பேருந்துக்குக் கையிலிருந்து காசு கொடுக்க வேண்டும். வீட்டுக்குப் போனதும் அம்மா பீடி சுற்றும் சொளவில் (முறத்தில்) பாதி வேலை எனக்காகக் காத்திருக்கும். காலையிலேயே நனைத்து வெட்டி வைத்த இலையில் தூளை வைத்துச் சுருட்டி, நூல் சுற்றி, முனையை மடக்க வேண்டும். நான் உட்கார்ந்தால்தான் ஆயிரம் பீடி கணக்கு முடியும்; குறைந்தால் அன்றைய கூலியும் குறையும். என் வகுப்பில் பாதிப் பெண்களின் மாலைப் பொழுது இப்படித்தான் கழிகிறது. இரவு தங்கும் முகாமுக்கு அப்பா ஒருபோதும் அனுப்பியதில்லை. அவர் அனுப்பியிருந்தாலும் அந்த ஏழு நாள் சொளவை யார் நிரப்புவது?

சென்னை அண்ணன் சொல்லும் பயிற்சி வகுப்புக்கும் இதையே சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் கல்லூரியில் அதுவும் மணியடித்த பிறகுதான் நடக்கிறது. முகாமை நிறுத்தினால் எங்களுக்கு ஒன்றும் கிடைக்கப் போவதில்லை.

ஒரே ஒரு முறை நான் சமூகப்பணிக்குப் போனேன். பாபநாசத்தில் ஆற்றைத் துப்புரவு செய்யும் ஒருநாள் பணி அது. இறந்தவர்களின் துணிகளை ஆற்றில் விட்டுவிட்டுப் போகும் வழக்கம் அங்கே இருப்பது உங்களுக்குத் தெரியும். படித்துறைக்குக் கீழே காலை வைத்தபோது ஏதோ வழுக்கியது. கையைவிட்டு இழுத்தால் சேலை. மணல் ஏறிக் கயிறுபோல் முறுக்கிக்கொண்டிருந்த அதை, நாங்கள் மூன்று பேர் சேர்ந்து இழுத்தும் அசைக்க முடியவில்லை. இன்னொருத்தி வந்து கைகொடுத்த பிறகுதான் வெளியே வந்தது. அதன் முந்தானையில் ஒரு குழந்தையின் சட்டையும் சிக்கியிருந்தது. இந்த ஆற்றுத் தண்ணீரைத்தான் நாங்கள் குடிக்கிறோம் என்பது அதுவரை எனக்குப் பாடப்புத்தகச் செய்தியாகத்தான் இருந்தது. அப்படிப்பட்ட பணி பகலில் நடந்தால் என் போன்றவர்கள் வருவோம்.

பழைய திட்ட அலுவலர் (ஓய்வுபெற்ற பேராசிரியர்)

இங்கே சில செய்திகளைத் தெளிவுபடுத்துவது என் கடமை. காந்தியடிகளின் நூற்றாண்டில், 1969இல், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டம் இது. ஒரு தொண்டர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வழக்கமான பணி செய்ய வேண்டும். ஏழு நாள் முகாம் அதற்கு மேற்பட்டது. நூறு பேர் கொண்ட ஓர் அணியில் ஆண்டுக்குப் பாதிப் பேர் முகாமில் கலந்துகொண்டால் போதும். ஆகவே மாணவி கேட்கும் பகல்நேரப் பணிக்கு அந்த 120 மணி நேரத்திலேயே இடமிருக்கிறது. அதைப் பெரும்பாலும் கல்லூரி வளாகத்தைப் பெருக்குவதிலேயே கழித்துவிட்டோம். அந்தக் குறையில் எனக்கும் பங்கு உண்டு.

ஆனால் இரவுத் தங்கலை விட்டுவிடலாம் என்பதை என்னால் ஏற்க முடியாது. நான் பொறுப்பேற்ற முதல் ஆண்டில், ஓர் ஊரின் பெரியவர்கள் தங்கள் தெருவிலுள்ள மண்டபத்தை முகாமுக்குத் தருவதாகச் சொன்னார்கள். சாவியைக் கொடுக்கும்போது, மாணவர்களில் யார் யார் எந்தத் தெருக்காரர்கள் என்று விசாரித்தார்கள். சிலர் அங்கிருக்கும் குழாயில் தண்ணீர் பிடிக்கக் கூடாது என்றார்கள். ஐம்பது மாணவர்களும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். நாங்கள் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஊர்க்கோடியில் கூரை ஒழுகும் பள்ளிக் கட்டடத்தில் தங்கினோம். ஏழு நாளும் ஒரே பந்தியில் உண்டோம். பகலில் வந்து பகலிலேயே திரும்பியிருந்தால் இந்தக் கேள்வி எழுந்திருக்கவே எழுந்திருக்காது. எங்கள் மாணவர்கள் அதற்கு விடை சொல்ல வேண்டியும் இருந்திருக்காது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனை அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து உடன் படித்தவர்கள் வெட்டிய கொடுமைக்குப் பின், அரசு ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு தலைமையில் குழு அமைத்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கையில் கட்டுவதைத் தடைசெய்ய வேண்டும் என்று அக்குழு 2024இல் அளித்த அறிக்கை கூறியது. கயிற்றைத் தடைசெய்யலாம். ஆனால் பள்ளியில் அந்தக் கயிற்றோடு வளர்ந்த பிள்ளைகள்தாம் நம் கல்லூரிக்கு வருகிறார்கள். அவர்களை ஒரே கூரையின்கீழ் உறங்கச் செய்ய நம்மிடம் இருக்கும் வழி இது ஒன்றுதான். நம் கல்லூரியில் விடுதி கிடையாது என்பதை மறந்துவிடாதீர்கள்.

சென்னைக்கு வந்தவன்

ஐயா, உங்கள் முகாமில் அப்படி நடந்தது என்றால் நம்புகிறேன். நான் போன முகாம்களில் நடந்தது வேறு. பந்தி ஒன்றுதான், ஆனால் பந்திக்குள்ளே யார் யாருக்குப் பக்கத்தில் உட்காருவது என்பது முதல் நாளே முடிவாகிவிட்டது. படுக்கையும் அப்படித்தான். பொறுப்பாசிரியர் அதைப் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. ஏழாம் நாள் நாங்கள் அதே கூட்டங்களாகவே வீடு திரும்பினோம். ஒரே கூரையின்கீழ் படுப்பது தானாகவே எதையும் மாற்றிவிடாது. உங்களைப் போல் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் ஆசிரியர் இருந்தால்தான் மாறும். அப்படிப்பட்டவர் கிடைக்காத ஆண்டில் என்ன செய்வது?

தங்கை எழுதியதைப் படித்தபின் என் கருத்தில் ஒரு பகுதியை மாற்றிக்கொள்கிறேன். பயிற்சியை மணியடித்த பிறகு வைப்பது தவறு. அது கால அட்டவணைக்குள் வர வேண்டும். முகாம் வேண்டாம் என்பதில் மாற்றமில்லை.

ஆற்றங்கரையான்

ஆசிரியர் சரியில்லாத ஆண்டில் பயிற்சி வகுப்பும்தான் வீணாகும். அதற்காகப் பயிற்சியே வேண்டாம் என்று நீங்கள் சொல்லமாட்டீர்கள் அல்லவா? குளக்கரை குறித்து நீங்கள் சொன்னது முழு உண்மை. வேரை எடுக்காமல் கருவேலத்தை வெட்டுவதைவிட வெட்டாமல் இருப்பதே நல்லது. தைப் பொங்கலையொட்டி நம் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது; நாமக்கோழியையும் நத்தைகுத்தி நாரையையும் பிரித்தறியக் கற்றுக்கொண்ட மாணவன் ஆண்டுதோறும் அதே குளத்துக்குப் போனால், தண்ணீர் எங்கே வற்றுகிறது, மடை எங்கே அடைபட்டிருக்கிறது என்பதும் அவன் கண்ணில் படும். அத்தகைய பணிகளை மாணவியைப் போன்றவர்கள் பகலில் செய்யட்டும். தங்க முடிந்தவர்கள் தங்கட்டும். கல்லூரிக்கு நான் இப்படித்தான் எழுதப் போகிறேன்.

மூன்றாமாண்டு மாணவி

எழுதும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகத்தின் கல்வி உதவித்தொகை இருக்கிறது. அதற்கு அம்மாவின் பெயரில் அடையாள அட்டை வேண்டும். எங்கள் தெருவில் பல அம்மாக்களிடம் அட்டை இல்லை. இருப்பவர்களுக்கும் இணையத்தில் விண்ணப்பிக்கத் தெரியாது. கணினித்துறை மாணவர்கள் ஐந்தாறு பேர் வந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஒரு தெருவை முடித்துவிடலாம். நேர்முகத் தேர்வில் பேசப் பழக வேண்டும் என்று சென்னை அண்ணன் சொன்னாரே, முன்பின் அறியாத இருபது பேரிடம் பேசி விவரம் வாங்குவதும் அதற்கு உதவும்.

முதல் ஞாயிற்றுக்கிழமையை எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே வைத்துக்கொள்ளலாம். அம்மாவிடம் கேட்டுவிட்டேன். மடியிலிருக்கும் சொளவைக் கீழே வைக்கச் சொல்லாமல் கேட்டால், எத்தனை கேள்விக்கும் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.