புதுப்பிப்பு: சிட்டாகிளிப்டின் தயாரிப்பில் நொதி, ஒரு திருத்தம்

சிட்டாகிளிப்டின் என்னும் நீரிழிவு மருந்தின் தயாரிப்பில், உயர் அழுத்த ஹைட்ரஜனும் ரோடியம் என்னும் உலோக வினையூக்கியும் செய்த வேலையை ஒரு நொதி ஏற்றுக்கொண்டது என்று முன்பு இங்கே எழுதியிருந்தேன். அந்த நொதி பாக்டீரியாவில் இயற்கையாக இருந்த வடிவிலேயே, எந்த மாற்றமும் இல்லாமல் பயன்பட்டது என்ற பொருளும் அதில் வந்துவிட்டது. அது தவறு, சுட்டிக்காட்டிய நண்பருக்கு நன்றி.

மெர்க், கோடெக்சிஸ் நிறுவனங்களின் ஆய்வாளர்கள் ஆர்த்ரோபாக்டர் என்னும் பாக்டீரியா வகையைச் சேர்ந்த டிரான்ஸ்அமினேஸ் (ஒரு மூலக்கூறிலிருந்து மற்றொன்றுக்கு அமினோ தொகுதியை மாற்றும் நொதி) ஒன்றிலிருந்துதான் தொடங்கினார்கள். ஆனால் வினை நடக்கும் அதன் குழியின் ஒரு பக்கத்தில் மெத்தில் போன்ற சிறிய தொகுதிக்கு மட்டுமே இடம் இருந்ததால், மருந்தாக மாற வேண்டிய மூலப்பொருளான கீட்டோன் உள்ளேயே நுழையவில்லை. எனவே அந்தக் கீட்டோனின் சுருக்கப்பட்ட வடிவம் ஒன்றை முதலில் ஏற்கும்படி குழியை ஒரு பக்கம் அகலப்படுத்தி, பிறகு மறுபக்கத்தையும் விரித்து, சுற்றுச் சுற்றாகத் திடீர்மாற்றங்களைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். 2010இல் வெளியான இறுதி வடிவத்தில் 27 அமினோ அமிலங்கள் மாறியிருந்தன.

என்னை மிகவும் கவர்ந்தது வினை நடக்கும் விதம். ஐசோபுரொப்பைலமீன் தன் அமினோ தொகுதியைக் கொடுத்துவிட்டு அசிட்டோனாக மாறுகிறது. எளிதில் ஆவியாகும் அந்த அசிட்டோனை அவ்வப்போது வெளியேற்றினால், சமநிலை மருந்தின் பக்கமே சாய்கிறது. பாதியளவு டைமெத்தில் சல்பாக்சைடு என்னும் கரிமக் கரைப்பான் கலந்த கரைசலில், லிட்டருக்கு 200 கிராம் கீட்டோனை இந்நொதி தாங்குகிறது. கிடைக்கும் பொருளில் தேவையற்ற ஆடி வடிவம் (மருந்து மூலக்கூறின் கண்ணாடிப் பிம்பம் போன்ற வடிவம்) கண்டறியும் அளவில்கூட இல்லை. மருந்துக்கு இத்தூய்மை இன்றியமையாதது என்பதால்தான் இந்தத் திருத்தத்தை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.