பீட்டில்ஸ் ‘ரிவால்வர்’ எல்பி: 2022 புது மிக்ஸ் வாங்குவதா, 2014 மோனோவைத் தேடுவதா?

தெம்பனீஸ்_தட்டு:

வணக்கம். பீட்டில்ஸின் 1966 ஆல்பமான ‘ரிவால்வரை’ எல்பியில் (வினைல் இசைத்தட்டில்) வாங்க நினைக்கிறேன். இதுவரை கேட்டதெல்லாம் 2009 ரீமாஸ்டர்தான் (பழைய மிக்ஸின் ஒலியை மெருகேற்றியது), பெரும்பாலும் எம்ஆர்டியில் ஹெட்ஃபோன் போட்டு. ‘எலனோர் ரிக்பி’ சரணங்களில் குரல் வலது காதில் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்பது பெரிய தொந்தரவாக இருக்கிறது. ஜைல்ஸ் மார்ட்டினும் சாம் ஓக்கலும் குரலையும் வாத்தியங்களையும் புதிதாகக் கலந்து 2022-இல் செய்த ரீமிக்ஸில் அது சரியாகியிருக்கிறதா? இல்லை, இரண்டு பக்கமும் ஒரே ஒலி வரும் 2014 மோனோ எல்பியைத் தேடிப்பிடிப்பதுதான் நல்லதா? என்னிடம் இருப்பது ஆடியோ டெக்னிகா எல்பி120 டர்ன்டேபிள், அதோடு வந்த விஎம்95இ கார்ட்ரிட்ஜ் (ஊசி இருக்கும் பாகம்). வீவக வீட்டின் சின்ன அறை, ஸ்பீக்கர்கள் சுவரை ஒட்டி இருக்கின்றன. ஆம்ப்ளிஃபையரில் மோனோ பொத்தான் கிடையாது.

நான்கு_தடம்:

சரியாகியிருக்கிறது. ஆனால் 2022 பதிப்பை ‘தெளிவாக்கப்பட்ட பழைய ரிவால்வர்’ என்று நினைத்து வாங்காதீர்கள். அது வேறு மிக்ஸ்.

1966-இல் ஈஎம்ஐ ஸ்டூடியோவில் இருந்தவை நான்கு டிராக் டேப் இயந்திரங்கள், அதாவது நான்கு தனித்தடங்களில் மட்டுமே பதிய முடியும். ‘டாக்ஸ்மேன்’ பாட்டில் டிரம்ஸ், பாஸ், கிட்டார் மூன்றும் ஒரே டிராக்கில் விழுந்தவை. ஸ்டீரியோ மிக்ஸில் அந்த டிராக்கை ஒரு பக்கம் தள்ளினால் மூன்றும் சேர்ந்துதான் போகும். பழைய ஸ்டீரியோவில் தாளக்கட்டு முழுவதும் இடது ஸ்பீக்கரில் குவிந்து கிடக்கக் காரணம் இதுதான். ஒரே டிராக்கில் இருப்பதை வாத்தியம் வாத்தியமாகப் பிரிக்கும் மென்பொருளை 2021-இல் வந்த ‘கெட் பேக்’ ஆவணத் தொடருக்காக பீட்டர் ஜாக்சனின் குழு உருவாக்கியது. ஒவ்வொரு வாத்தியத்தின் ஒலியையும் அதற்குப் பழக்கிவிட்டுப் பிரிக்கிறார்கள். அதை வைத்துத்தான் இந்த ஆல்பத்தையே ரீமிக்ஸ் செய்ய முடிந்தது.

‘எலனோர் ரிக்பி’யில் இப்போது குரல் நடுவில் நிற்கிறது. நான்கு வயலின், இரண்டு வயோலா, இரண்டு செல்லோ எனப் பழைய ஸ்டீரியோவில் ஒரே கொத்தாக இருந்த எட்டும் இரு பக்கமும் விரிகின்றன. வில் தந்தியில் அழுந்தி விழும் அந்த வெட்டு ஒவ்வொன்றும் தனியாகக் காதில் படும். ஹெட்ஃபோன்காரர்களுக்கு இது ஒன்றே போதும்.

என் மனதுக்குப் பிடித்தது ‘லவ் யூ டு’. தபலா வாசித்தவர் அனில் பகவத், அவர் பெயரை அப்போதே உறையில் அச்சிட்டிருந்தார்கள். தொடக்கத்து ஆலாபனை முடிந்து தாளம் சேரும் இடத்தைக் கவனியுங்கள். பாயாவில் (தபலா ஜோடியில் தாழ்ந்த ஒலி தருவது) உள்ளங்கையை அழுத்தி இழுக்கும்போது வரும் கும்கி, பழைய ஸ்டீரியோவில் தம்புராவின் இரைச்சலுக்குள் அமுங்கிக் கிடக்கும். புதியதில் அது முழு உருண்டையாக எழும்பி வருகிறது. மிருதங்கம் கேட்டு வளர்ந்த காதுக்கு வித்தியாசம் உடனே தெரியும்.

குறையும் உண்டு. பாஸ் அளவை இன்றைய ரசனைக்கு ஏற்ப ஏற்றியிருக்கிறார்கள். சுவரை ஒட்டிய ஸ்பீக்கரில் ‘டாக்ஸ்மேன்’ கும்மென்று அடைக்கும். குறைந்தது 30 செ.மீ. முன்னால் இழுத்து வையுங்கள். இடமில்லை என்றால் ஸ்பீக்கரின் பின்துளையில் ஸ்பாஞ்சைச் செருகிப் பாருங்கள்.

மோனோ_மட்டும்:

நான்கு_தடம் சொன்னதில் தகவல் எல்லாம் சரி, முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை. 1966-இல் மக்கள் கேட்டது மோனோ. ஸ்டூடியோவில் நேரமும் கவனமும் போனது மோனோ மிக்ஸுக்கு. குரல் வலது காதில் ஒட்டுவதுதான் பிரச்சினை என்றால், அந்தப் பிரச்சினையே இல்லாத மிக்ஸ் அப்போதே இருந்தது!

2014 மோனோ எல்பியை ஷான் மேகியும் ஸ்டீவ் பெர்கோவிட்ஸும் மூல டேப்பிலிருந்து நேராக வெட்டினார்கள், நடுவில் டிஜிட்டல் படியே இல்லை. ஜெர்மனியில் அச்சானது, 180 கிராம். 2012-இல் வந்த ஸ்டீரியோ எல்பி அப்படியல்ல, 2009 டிஜிட்டல் ரீமாஸ்டரிலிருந்து வந்தது. உங்களிடம் ஏற்கெனவே உள்ள ஒலிக்கு இன்னொரு முறை காசு கொடுப்பானேன்? அதைத் தவிர்த்துவிடுங்கள்.

மோனோவிலும் ஸ்டீரியோவிலும் விவரங்களே வேறு. ‘ஐம் ஒன்லி ஸ்லீப்பிங்’ பாட்டில் தலைகீழாக ஓடும் கிட்டார் இரண்டிலும் வெவ்வேறு இடங்களில் வரும். ‘காட் டு கெட் யூ இன்டு மை லைஃப்’ மோனோவில் இன்னும் கொஞ்ச நேரம் ஓடித்தான் மங்கும்.

ஊசிமுனை:

எந்தப் பதிப்பை வாங்கினாலும் டெக்கை (டர்ன்டேபிளை) சரிசெய்யாமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

விஎம்95இ-க்கு ஊசி எடை 2.0 கிராம், 1.8 முதல் 2.2 வரை போகலாம். டோன்ஆர்மில் (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கை) உள்ள எண்வளையத்தை மட்டும் நம்பாமல் சின்ன டிஜிட்டல் தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை குறைந்தால் தட்டுக்கு நல்லது என்று 1.5-இல் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. எடை போதாமல் ஊசி பள்ளத்துக்குள் குதித்துச் சுவரைக் கீறும். ‘எஸ்’ ஒலிகள் சிதறுவது அதன் முதல் அறிகுறி.

அடுத்தது, உங்கள் டெக்கின் பின்னால் ஃபோனோ, லைன் என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். ஆம்ப்ளிஃபையரின் ஃபோனோ வாயில் கேபிளைச் செருகிவிட்டு சுவிட்சை லைனில் விட்டால் ஒலி இரண்டு முறை பெருக்கப்பட்டுக் கரகரக்கும். ‘இந்த அச்சு மோசம்’ என்று வரும் புகார்களில் பல இதனால்தான்.

‘டுமாரோ நெவர் நோஸ்’ இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு. 33⅓ வேகத்தில் தட்டின் வெளிவிளிம்பில் ஊசிக்கு அடியில் நொடிக்கு ஏறத்தாழ 50 செ.மீ. பள்ளம் ஓடும், உள்விளிம்பில் 21 செ.மீ.தான். அதே சிம்பல் ஒலி பாதி நீளத்துக்குள் நெருக்கி வெட்டப்பட்டிருக்கும். கார்ட்ரிட்ஜ் கோணம் சற்றே பிசகினாலும் முதலில் கெடுவது இந்தப் பாட்டுதான். கார்ட்ரிட்ஜ் கோணத்தைச் சரிபார்க்கும் பேர்வால்ட் புரோட்ராக்டர் தாளை அச்சடித்து, 66.0 மி.மீ., 120.9 மி.மீ. புள்ளிகளில் கார்ட்ரிட்ஜ் உடலின் பக்கங்கள் கோட்டுக்கு இணையாக இருக்கிறதா பாருங்கள். அச்சடித்ததும் அளவுகோலால் அளந்துவிடுங்கள், பிரிண்டர் பல நேரம் 97 விழுக்காட்டுக்குச் சுருக்கிவிடும். இந்த ஆல்பம் மொத்தம் 35 நிமிடத்துக்குள் முடிவதால் பள்ளங்களைத் தாராளமாக இடம்விட்டு வெட்ட முடியும். கோணம் சரியென்றால் கடைசிப் பாட்டும் சுத்தமாகவே ஒலிக்கும்.

மோனோ தட்டைப் பற்றி ஒன்று. 2014 பதிப்பு இன்றைய வெட்டுக்கருவியில் வெட்டியது, உங்கள் ஊசியே போதும், தடித்த மோனோ ஊசி தேவையில்லை. மோனோ ஒலி பக்கவாட்டு அசைவில் மட்டுமே இருக்கும். மேலும்கீழுமான அசைவில் கிடைப்பது தூசியும் இரைச்சலும்தான். இரண்டு சேனலையும் சேர்த்தால் அந்த இரைச்சல் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளும். பொத்தான் இல்லாததால் லைன் வெளியீட்டுக்குப் பிறகு ஒய் கேபிள் இரண்டைப் போட்டுச் சேர்க்கலாம். ஒவ்வொரு சேனலிலும் 1 கிலோஓம் ரெசிஸ்டர் வைத்துச் சேர்த்தால் வெளியீட்டுச் சர்க்யூட்டுக்குப் பாதுகாப்பு.

தெம்பனீஸ்_தட்டு:

மிக்க நன்றி. சுவிட்ச் லைனில்தான் இருக்கிறது, கேபிளும் சாதாரண ஆக்ஸ் வாயில்தான் என்பதால் அது சரி. 2022 பதிப்பின் பெரிய பாக்ஸ் செட்டுக்கு அந்த விலை தகுமா? நம் ஊர் ஈரப்பதத்தில் தட்டைப் பாதுகாப்பதற்கு என்ன வழி?

நான்கு_தடம்:

பாக்ஸில் நான்கு எல்பி, ஒரு 7 அங்குல ஈபி (சின்னத் தட்டு). புது ஸ்டீரியோ, பழைய மோனோ, இரண்டு எல்பி நிறைய ஒத்திகைப் பதிவுகள். அந்த ஒத்திகைகளை ஒரு முறைக்கு மேல் கேட்பீர்களா என்பதுதான் கேள்வி. ‘ரெயின்’ பாட்டை வாசித்த அசல் வேகத்தில் தந்திருக்கிறார்கள். வெளியான பாட்டு டேப்பை மெதுவாக்கியது என்பதால் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ரிங்கோவின் கை எவ்வளவு வேகமாக ஓடியிருக்கிறது என்று புரியும். எனக்கு அது பொக்கிஷம். ஆனால் அவை எல்லாமே ஸ்ட்ரீமிங்கில் கிடைக்கின்றன. அங்கே கேட்டுவிட்டு முடிவெடுங்கள். தனி எல்பியிலும் அதே ஸ்டீரியோ மிக்ஸ்தான்.

வெளிநாட்டிலிருந்து தருவித்தால் 9 விழுக்காடு பொருள் சேவை வரியைக் கணக்கில் சேருங்கள். 400 வெள்ளிக்கு உட்பட்டது என்றால் பதிவுபெற்ற இணையக் கடைகள் விலையோடு சேர்த்தே வாங்கிவிடும். அதற்கு மேல் போனால் இறக்குமதியின்போது கட்ட வேண்டும், அனுப்பும் செலவுக்கும் சேர்த்து. அதற்கு முன் அடெல்ஃபி கடைத்தொகுதிப் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள்.

ஊசிமுனை:

ஈரப்பதம் வினைலை ஒன்றும் செய்யாது. பூஞ்சை பிடிப்பது காகித உறையில், அங்கிருந்துதான் பள்ளத்துக்குள் இறங்கும். உள்ளுறையை உடனே பாலிஎத்திலீன் பூசியதாக மாற்றுங்கள். மூடிய அலமாரி என்றால் 50 விழுக்காடு ஈரப்பதத்தை ஒட்டி இருக்கட்டும், கேமராக்காரர்கள் வைத்திருக்கும் உலர்பெட்டி போன்ற ஏற்பாடு போதும். செங்குத்தாக, சாயாமல் நிறுத்துங்கள். வெயிலில் நின்ற வேனிலிருந்து வந்த பார்சலை வந்ததும் ஓட்டாமல், அறைச் சூட்டுக்கு வரும்வரை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பிறகு தொடுங்கள். புதுத் தட்டையும் கழுவ வேண்டும்: வாலைவடிநீர் நான்கு பங்கு, ஐசோப்ரோபைல் ஆல்கஹால் ஒரு பங்கு, மென்மையான துணியால் பள்ளத்தின் வழியே துடைப்பது. குழாய்த் தண்ணீர் வேண்டாம், காய்ந்தால் உப்புப் படியும்.

மோனோ_மட்டும்:

பழைய தட்டு விற்பவர்களிடம் போனால் ஒன்று கவனியுங்கள். அமெரிக்காவில் கேப்பிடல் 1966-இல் வெளியிட்ட ‘ரிவால்வரில்’ 11 பாட்டுதான். ‘ஐம் ஒன்லி ஸ்லீப்பிங்’, ‘அண்ட் யுவர் பேர்ட் கேன் சிங்’, ‘டாக்டர் ராபர்ட்’ மூன்றும் இருக்காது. உறை பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும். பின்னட்டையில் 14 பாட்டையும் எண்ணிவிட்டுக் காசைக் கொடுங்கள். பிரிட்டிஷ் மோனோ முதல் அச்சு கையில் சிக்கினால் இரண்டாம் பக்கத்து லேபிளுக்கு அருகே பொறித்த எண்ணைப் பாருங்கள். 606-1 என்று முடிந்தால் ‘டுமாரோ நெவர் நோஸ்’ பாட்டின் வேறொரு மிக்ஸ் அதில் இருக்கும். சில பிரதிகளோடு நிறுத்தி மாற்றிவிட்டார்கள் என்பதால் விலையும் அதற்கேற்ப ஏறும்.