வீடியோவில் கண் வைத்தியம்: அவசரத்துக்கு உதவுமா?

சோளக்காட்டான்:
தேனி அரவிந்த் மருத்துவமனை, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து 2000களிலேயே நெடுந்தூர வைஃபை போட்டுக் கிராமக் கண் மையங்களை இணைத்தது. மையத்தில் பயிற்சி பெற்றவர் கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப் கருவியில் பார்ப்பார், டாக்டர் வீடியோவில் பேசுவார். அவசர சிகிச்சைக்கும் இது மலைக்கிராமம் எல்லாவற்றுக்கும் வர வேண்டும்.

கதிர் அடிக்கும்போது என் அம்மா கண்ணில் நெல் உமி பட்டது. மருந்துக்கடையில் கொடுத்த சொட்டு மருந்தை நான்கு நாள் விட்டார். அது ஸ்டீராய்டு. உள்ளே இருந்ததோ பூஞ்சைப் புண்; ஸ்டீராய்டு விட்டால் அது இன்னும் மோசமாகும். பூ விழுந்த அந்தக் கண்ணில் இன்று வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. முதல் நாளே ஒரு டாக்டர் பார்த்திருந்தால், அந்த மருந்தை விடாதீர்கள் என்றாவது சொல்லியிருப்பார்.

நர்ஸ் அக்கா:
தம்பி, படிக்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது. ஆனால் படத்தை மட்டும் பார்த்துப் பூஞ்சையா பாக்டீரியாவா என்று அடித்துச் சொல்ல முடியாது. புண்ணைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். கண்ணில் மின்னல் அடிக்கிறது, திரை இறங்குகிறது என்று வருபவருக்கு விழித்திரை கிழிந்து விலகியிருக்கலாம்; அதன் ஓரம் வரை பார்க்காமல் எதுவும் சொல்லக் கூடாது. ‘டாக்டர் பார்த்துட்டார்’ என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்த நிம்மதிதான் எனக்குப் பயம்.

சோளக்காட்டான்:
ஆபரேஷனை வீடியோவில் செய்யச் சொல்லவில்லை அக்கா. யார் இன்றே கிளம்ப வேண்டும் என்று சொன்னால் போதும்.

நர்ஸ் அக்கா:
இன்றே என்றால் எதில் போவார்கள்? சாயங்காலத்துக்கு மேல் பஸ் கிடையாதே.

கொத்தனார் மகள்:
சுண்ணாம்பு தெறித்தால் போனையே எடுக்காதீர்கள். இமையைப் பிரித்துப் பிடித்து, அரை மணி நேரமாவது சுத்தமான தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். எங்கள் தெருவில் இன்னும் தாய்ப்பால் விடச் சொல்கிறார்கள். வேண்டவே வேண்டாம். கழுவிய பிறகுதான் டாக்டர்.

சோளக்காட்டான்:
சரி, அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் திடீரென்று கண் அழுத்தம் ஏறுகிறதே, அதை யோசியுங்கள். கண் சிவப்பு, ஒரு பக்கத் தலைவலி, வாந்தி. பித்தம் என்று ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள். சாதாரணமாக 21 மி.மீ. பாதரச அளவுக்குள் இருக்க வேண்டிய அழுத்தம் 50ஐக்கூடத் தாண்டியிருக்கலாம். மையத்தில் அளந்து, டாக்டர் சொன்னபடி அசெட்டசோலமைடு மாத்திரை கொடுத்தால், மலை இறங்குவதற்குள் அழுத்தம் குறையத் தொடங்கும்.

நர்ஸ் அக்கா:
அந்த ஒன்றில் உங்கள் பக்கம்தான். அப்படியானால் அளக்கும் கருவியும் மாத்திரையும் மையத்தில் இருக்க வேண்டும், வாசலில் ஒரு ஜீப்பும் நிற்க வேண்டும். வெறும் டேப்லெட்டும் சிம் கார்டும் கொடுத்துத் திறப்பு விழா நடத்தினால் எதிர்த்துத்தான் எழுதுவேன்.