காய்ச்சல் இன்று எத்தனையாவது நாள்?

காய்ச்சல் நோயாளிகளிடம் தவறவிட்டதை நாங்கள் மூன்று பேர் ஆளுக்கொன்றாகச் சொல்கிறோம். என்னுடையது மருத்துவப் படிப்பின் மூன்றாம் ஆண்டு வார்டு போஸ்டிங்கில் நடந்தது. டெங்கு என்று உறுதியான ஓர் இளைஞர், காய்ச்சலின் ஐந்தாவது நாள். காலையில் தொட்டுப் பார்த்தால் உடம்பில் சூடே இல்லை. தெளிவாகப் பேசினார். வயிறு மட்டும் வலிக்கிறது என்றார். ரத்த அழுத்தம் 100/80. "காய்ச்சல் விட்டுவிட்டது, தேறி வருகிறார்" என்று கேஸ் ஷீட்டில் எழுதி வைத்தேன்.

ரவுண்ட்ஸ் வந்த சீனியர் அக்கா, கேஸ் ஷீட்டைத் திறக்கும் முன்பே அவர் கையைப் பிடித்தார். கை சில்லென்று இருந்தது. விரல் நுனியை அழுத்தி விட்டார். நிறம் திரும்ப மூன்று வினாடிக்கு மேல் ஆனது. பிறகு என்னிடம் கேட்டார்: "நூறு, எண்பதுன்னு எழுதியிருக்க. ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு?"

இருபது. அந்த இருபதுதான், உறுப்புகளுக்கு ரத்தம் போதாமல் போகும் அதிர்ச்சி நிலையின் அடையாளம் என்று பாடத்தில் படித்திருந்தேன். படுக்கை அருகில் நின்றபோது தோன்றவில்லை.

டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்து தொடங்கும் நேரம். பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே வரும். ரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா என்ற நீர்ப்பகுதி கசியும், சிவப்பணுக்கள் உள்ளேயே தங்கும், அதனால் ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கான ஹிமேட்டோக்ரிட் ஏறும். இவருக்கு 39-லிருந்து 48 ஆகியிருந்தது. முன்பிருந்த அளவில் 20 சதவீதம் ஏறினாலே கசிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். குழாய்கள் இறுகி ஈடுகட்டுவதால் ரத்த அழுத்தத்தின் மேல் அளவு விழாமல் நிற்கும், கீழ் அளவு ஏறும். இளம் வயதுக்காரர்கள் சரியும் நிமிடம் வரை நம்மிடம் பேசிக்கொண்டிருப்பது இதனால்தான். நானோ பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உடனே டிரிப் ஏற்றி, மணிக்கொரு முறை நாடியும் சிறுநீரும் பார்த்து அளவை மாற்றினார்கள். கசிவு ஒன்றிரண்டு நாளில் நின்றுவிடும். அதன்பின் வெளியேறிய நீர் குழாய்க்குள் திரும்பும்போது, கூடுதலாக ஏற்றிய டிரிப் நுரையீரலில் போய்ச் சேரும். அதனால் குறைப்பதிலும் அதே கவனம் வேண்டும். அவர் நல்லபடியாக வீடு திரும்பினார்.

அன்றிலிருந்து என் முதல் கேள்வி தலைப்பில் இருப்பதுதான். டெஸ்டுக்கும் அதே நாள் கணக்குதான். வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 முதல் சில நாட்களுக்கு. உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஎம் ஏறக்குறைய ஐந்தாம் நாளுக்குப் பிறகு. இரண்டாம் நாளில் ஐஜிஎம் நெகட்டிவ் என்றால் அதை வைத்து டெங்கு இல்லை என்று சொல்லவே முடியாது.

*

இரண்டாவதாக, இந்த நாள் கணக்கோடு என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். ஆறாம் நாள் காய்ச்சல், கடும் தலைவலியோடு ஓர் அம்மா. ரத்தத் துளியை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் ஸ்மியரில் மலேரியா இல்லை, டெங்கு இல்லை, பூச்சிக்கடியால் வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலுக்கான ஐஜிஎம்மும் நெகட்டிவ். நான் அவரைப் பரிசோதித்தது முழுக்க உடைக்கு மேலேதான். எனக்குக் கூச்சம்.

வார்டு சிஸ்டர் திரையை இழுத்துவிட்டு, அவரிடம் கேட்டுவிட்டுப் பார்த்தார். மார்புக்குக் கீழே மடிப்பில் சிறிய கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம். வலியும் அரிப்பும் இல்லாததால் அந்த அம்மாவுக்கே தெரியாது. ஸ்க்ரப் டைஃபஸைப் பரப்பும் மிகச் சிறிய உண்ணி வகைப் பூச்சியின் இளம் புழு கடித்த இடம் அது. எதிர்ப்பொருள் ரத்தத்தில் தெரிய ஒரு வாரம் போல ஆகும். இந்தப் புண் பெரும்பாலும் காய்ச்சலுக்கு முன்பே வந்துவிடும். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்து இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கியது.

அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால் எல்லாம் பாருங்கள். ஈரமான மடிப்பில் கறுப்புப் பொருக்கு கட்டாமல் வெறும் புண்ணாகவும் இருக்கலாம். எல்லோருக்கும் வராது, அதனால் புண் இல்லை என்பதை வைத்து நோயை விலக்கவும் கூடாது.

*

மூன்றாவதான என்னுடையது சின்னது. மூன்றாம் நாள் காய்ச்சல், டைபாய்டு எதிர்ப்பொருளைத் தேடும் விடால் டெஸ்ட் பாசிட்டிவ், டைபாய்டு என்று சொல்லி மருந்தும் தொடங்கச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து இருமல் வந்தது, வலது கீழ் நுரையீரலில் சத்தம் கேட்டது, எக்ஸ்ரேயில் நிமோனியா. விடால் பழைய தொற்றாலும் தடுப்பூசியாலும்கூட பாசிட்டிவ் ஆகும். டைபாய்டிலேயே அந்த எதிர்ப்பொருள் இரண்டாம் வாரத்தில்தான் நன்றாக ஏறும். முதல் வாரத்தில் நம்ப வேண்டியது, ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் ரத்தக் கல்ச்சர். அதை நான் அனுப்பியபோது ஆன்டிபயாடிக் ஏற்கெனவே உள்ளே போயிருந்தது, எதுவும் வளரவில்லை. எந்தக் கிருமி என்று கடைசிவரை தெரியவில்லை.

இப்போதெல்லாம் முதல் டோஸுக்கு முன் ரத்தம் எடுத்தாயிற்றா என்று சிஸ்டரிடம் கேட்டுவிட்டுத்தான் மருந்தை எழுதுகிறேன்.