உயிரிப்புள்ளியியலில் பிஎச்.டி.: உங்கள் ஆய்வைத் திருப்பிவிட்ட ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

உயிரிப்புள்ளியியலில் (மருத்துவத் தரவுகளுக்கான புள்ளியியல்) பிஎச்.டி. செய்பவர்கள், முடித்தவர்கள் எல்லோரையும் கேட்கிறேன். எத்தனை வருஷம் ஆகும், எந்தப் பாடம் கஷ்டம் என்பதெல்லாம் எங்கும் கிடைக்கும். யாரோ ஒருவர் சொன்ன ஒரு வார்த்தையால் ஆய்வே வேறு பக்கம் திரும்பியிருக்கும் இல்லையா, அதைச் சொல்லுங்கள். என்னுடையதை முதலில் எழுதிவிடுகிறேன்.

எனக்கு அந்த ஆள் ஒரு செவிலியர்.

அப்போது மூன்றாம் வருஷம். முதல் இரண்டு வருஷமும் வகுப்பறையிலேயே போய்விட்டன. நிகழ்தகவுக் கோட்பாடு, அனுமானக் கோட்பாடு, நேரியல் மாதிரிகள், சர்வைவல் அனாலிசிஸ் (எவ்வளவு நாள் உயிரோடு இருக்கிறார்கள் என்ற கணக்கு). விடுபட்ட தரவைப் பற்றி மட்டும் ஒரு பருவம் முழுக்கப் படித்திருந்தேன். புள்ளியியலாளர் டொனால்ட் ரூபின் 1976ல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த மூன்று வகைப் பிரிப்பு எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஒரு மதிப்பு முழுக்கத் தற்செயலாக விடுபடலாம். நம் கையில் இருக்கும் மற்ற விவரங்களைப் பொறுத்து விடுபடலாம். அல்லது அந்த மதிப்பு என்னவாக இருந்ததோ அதுவே அது விடுபடக் காரணமாகலாம். முதல் இரண்டுக்கும் வழி உண்டு. மூன்றாவதுக்குத் தரவுக்கு வெளியிலிருந்து ஏதாவது தெரிந்தால்தான் உண்டு.

நெறியாளர் எனக்குக் கொடுத்தது தீவிர சிகிச்சைப் பிரிவு ஒன்றின் தரவு. ஒவ்வொரு நோயாளிக்கும் மணிக்கு ஒரு தடவை ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, மூச்சு எண்ணிக்கை. ரத்த அழுத்தப் பத்தியில் ஏறக்குறைய பத்தில் ஒரு கட்டம் காலி. மல்டிபிள் இம்ப்யூடேஷன் (காலி இடங்களைப் பொருத்தமான மதிப்புகளால் பல தடவை நிரப்பும் முறை) போட்டு இருபது தொகுப்புகள் உண்டாக்கி, ஒவ்வொன்றிலும் மாதிரியைப் பொருத்தி, விடைகளை ஒன்று சேர்த்தேன். நம்பிக்கை இடைவெளி (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லை) குறுகலாக, அழகாக வந்தது. நெறியாளர் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: “இந்தக் கட்டங்களை யார் நிரப்புகிறார்கள்? போய்ப் பார்த்தியா?”

போனேன். இரவுப் பணி முடித்துக் கிளம்பும் நேரத்தில் ஒரு சிஸ்டர் எனக்காகப் பத்து நிமிஷம் நின்றார். கண்ணில் தூக்கம். பழைய பதிவுத் தாள்கள் இரண்டை எடுத்து மேசையில் விரித்தார். முதல் தாளில் இரண்டு மணிக்கு அழுத்தம் இருக்கிறது. மூன்று மணி, நான்கு மணிக் கட்டங்கள் காலி. விரலை அங்கே வைத்துச் சொன்னார்: “இந்த நேரத்துல பிரஷரே கிடைக்கலை சார். மெஷின் ரெண்டு தடவை எர்ரர் காட்டிச்சு. அவ்வளவு கீழே போயிடுச்சு. எல்லோரும் ஆளைப் பார்த்துட்டிருந்தோம், தாளை யார் பார்க்கிறது?”

அப்புறம் இரண்டாவது தாள். அதிலும் அதே மாதிரி காலிக் கட்டங்கள். “இது வேற சார். இவர் நல்லாத் தேறிட்டார். மறுநாள் வார்டுக்கு மாத்தப் போறோம். நாலு மணிக்கு ஒரு தடவை எடுத்தாப் போதும்னு டாக்டர் எழுதிட்டார்.”

என் கணினியில் இரண்டும் ஒரே வெற்றிடம். ஒன்று உயிர் ஊசலாடிய நேரம், இன்னொன்று ஆள் நிம்மதியாகத் தூங்கிய நேரம். அன்றைக்குச் சாயங்காலமே அந்த இரண்டு பேரையும் என் தொகுப்பில் தேடிப் பார்த்தேன். முதலாமவருக்கு என் முறை நிரப்பியிருந்தது 112. இரண்டாமவருக்கு 118. அந்த 112ஐப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது.

அதற்குப் பிறகு எட்டு மாதம் வேறு வேலை. எத்தனை மணிக்கு ஒரு தடவை அளக்கச் சொன்னார்கள் என்ற மருத்துவரின் உத்தரவுகளைத் தனியாக வாங்கினேன். கருவியின் பிழைப் பதிவுகளையும் வாங்கினேன். இரண்டையும் நேரத்தோடு பொருத்தி, காலிக் கட்டங்களை வகை பிரித்தேன். வகை தெரியாதவற்றுக்கு, நிரப்பிய மதிப்பை 5, 10, 15 என்று படிப்படியாக இறக்கி, எந்த இடத்தில் முடிவு மாறுகிறது என்று பார்த்தேன். 15ல் மாறிவிட்டது. அதை அப்படியே எழுதினேன். என் ஆய்வேட்டில் நான் மிகவும் மதிக்கும் அத்தியாயம் அதுதான். நன்றியுரையில் என் நெறியாளர் பெயருக்கு முன்னால் அந்தச் சிஸ்டரின் பெயரைப் போட்டேன், நெறியாளரும் அதுதான் சரி என்றார்.

* * *

மேலே நீங்கள் எழுதிய இரண்டு தாள் விஷயத்தைப் படித்துவிட்டு என் பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். எனக்கும் கிட்டத்தட்ட இதே வேர்தான், ஆனால் இது காலக் கணக்கு.

ஒரு மருந்து எடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிட அதிக நாள் உயிரோடு இருந்தார்கள் என்று காக்ஸ் மாதிரியில் (உயிர்வாழும் காலத்தை ஒப்பிடும் முறை) வந்தது. அபாய விகிதம் 0.6 (1 என்றால் வித்தியாசமே இல்லை, அதற்குக் கீழே என்றால் மருந்து எடுத்தவர்களுக்கு அபாயம் குறைவு). கூட வேலை செய்த மருத்துவருக்கு அவ்வளவு மகிழ்ச்சி. பல வருஷமாக அந்த மருந்தை நம்பிக் கொடுத்து வந்தவர். நான் படங்களைத் தயார் செய்துகொண்டிருந்தபோது பக்கத்து மேசை அக்கா (எனக்கு இரண்டு வருஷம் மூத்தவர்) எட்டிப் பார்த்துக் கேட்டார்: “மருந்தை எத்தனையாவது நாள் ஆரம்பிச்சாங்க?”

சராசரியாக ஒன்பதாம் நாள். அதாவது மருந்துக் குழுவில் இருப்பவர்கள் எல்லோரும் மருந்து ஆரம்பிக்கும் நாள்வரை எப்படியும் பிழைத்திருந்தவர்கள். அதற்கு முன்பே இறந்தவர்கள் எல்லோரும் மறுபக்கக் கணக்கில். மருந்து வெறும் தண்ணீராக இருந்தாலும் நன்மை செய்தது போலத்தான் தெரியும்.

வகுப்பில் இதை நான் படித்திருந்தேன் என்பதுதான் மனதை அறுக்கிறது. இதய மாற்று சிகிச்சையின் ஆரம்ப காலத்தில் இதே சிக்கல் வந்தது. மாற்று இதயத்துக்காகக் காத்திருக்கும்போதே இறந்தவர்கள் ‘மாற்று செய்யாதவர்கள்’ கணக்கில் சேர்ந்துவிட்டார்கள். அந்த ஒப்பீடு சரியில்லை என்று புள்ளியியலாளர் மிட்செல் கெய்ல் 1972லேயே எழுதினார். ஸ்டான்ஃபோர்டின் 103 நோயாளிகள் அடங்கிய தரவு ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளின் சர்வைவல் தொகுப்பிலேயே இருக்கிறது. வீட்டுப்பாடமாக அதைச் செய்திருக்கிறேன். சொந்தத் தரவு என்று வந்தபோது கண்ணில் படவில்லை.

மருந்தை நாளோடு மாறும் காரணியாக (ஆரம்பிக்கும் நாள்வரை ‘எடுக்காதவர்’, அதன் பிறகு ‘எடுத்தவர்’) வைத்துத் திரும்ப ஓட்டினேன். 0.94, இடைவெளி 1ஐத் தாண்டிப் போனது. மருத்துவரிடம் சொல்லப் போகும்போது வயிறு கலங்கியது. எண்களைக் காட்டவில்லை. பலகையில் ஒரு நோயாளிக்கு ஒரு கோடு என்று ஆறு கோடுகள் போட்டு, மருந்து ஆரம்பித்த நாளில் ஒரு புள்ளி வைத்தேன். நான்காவது கோட்டிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்போ நான் இத்தனை நாள் நோயாளிகளிடம் சொன்னது?” என்றார்.

மருந்து பயனில்லை என்று இந்தத் தரவு சொல்லவில்லை, பயன் உண்டு என்று சொல்ல இதனால் முடியாது, அவ்வளவுதான் என்றேன். அந்த வித்தியாசத்தை அவர் அன்றைக்கே பிடித்துக்கொண்டார். அடுத்ததாக, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு சோதனை நடத்தலாமா என்று அவரே கேட்டார்.

* * *

எனது சிறியது. தகுதித் தேர்வில் முதல் தடவை தேறவில்லை. விடைத்தாளைக் காட்டச் சொல்லிப் பேராசிரியரிடம் போனேன். டெல்டா முறைக் கணக்கு ஒன்று (ஒரு மதிப்பீட்டின் பரவலிலிருந்து அதன் சார்பின் பரவலைத் தோராயமாகக் கண்டுபிடிக்கும் முறை). p ஒரு விகிதம். p(1−p) என்பதன் மதிப்பீட்டுக்குப் பரவல் கேட்டிருந்தார்கள். மளமளவென்று இயல்நிலைப் பரவல் என்று எழுதியிருந்தேன். அவர் பென்சிலால் p = 1/2 என்று எழுதி, “இங்கே?” என்றார். அங்கே வகைக்கெழு பூஜ்ஜியம். பரவலும் வேறு, கை-வர்க்க (chi-square) வகை. தரவு கூடக் கூட மதிப்பீட்டின் பிழை சுருங்கும் வேகமும் வேறு. “ஒரு சூத்திரம் எங்கே செல்லாது என்று தெரிந்தவரிடம்தான் நோயாளிகளின் தரவைக் கொடுக்க முடியும்” என்றார். ஆறு மாதம் கழித்துத் தேறினேன்.

* * *

மேலே சொன்ன பென்சில் மாதிரி எனக்கு ஒரு கேள்வி மூன்று மாதத்தை மிச்சப்படுத்தியிருக்கும், கொஞ்சம் முன்னால் கேட்டிருந்தால்.

நான் எழுதிய முறைக்கு சிமுலேஷன் (கணினியில் போலித் தரவு உண்டாக்கிச் சோதிப்பது) ஓட்டிக்கொண்டிருந்தேன். 95 சதவீத இடைவெளி என்றால் ஆயிரம் தடவை ஓட்டினால் 950 தடவை வாக்கில் உண்மை மதிப்பு உள்ளே விழ வேண்டும். எனக்கு 910. ஆயிரம் ஓட்டத்துக்கான தற்செயல் பிழை 0.7 சதவீதப் புள்ளிதான், அதனால் இது தற்செயல் இல்லை. நிரலில் பிழை என்று நினைத்து வரி வரியாகத் தேடினேன். முதலிலிருந்து திரும்ப எழுதினேன். மறுபடி 91 சதவீதம். தூங்கி எழுந்தால் முதல் நினைப்பு அந்த எண்.

ஒரு மாநாட்டில் என் சுவரொட்டி முன்னால் வயதான ஒரு புள்ளியியலாளர் நின்றார். முழுக்கப் படித்தார். “எத்தனை மருத்துவமனைகள்?” என்று கேட்டார். பன்னிரண்டு என்றேன். சிரித்துவிட்டு, என் கையேட்டில் ‘மான்சல், டெரோவன், 2001’ என்று ஒரு கட்டுரையின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். லியாங், ஸீகர் 1986ல் கொடுத்த ஜி.இ.இ. முறையின் (குழுக்களாகச் சேர்ந்திருக்கும் தரவை அலசும் முறை) பிழைக் கணிப்பு, குழுக்கள், அதாவது என் விஷயத்தில் மருத்துவமனைகள், நிறைய இருந்தால்தான் நம்பும்படி இருக்கும். குழுக்கள் குறைந்தால் பிழையைக் குறைத்துக் காட்டும். நான் நோயாளிகளின் எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஆயிரக்கணக்கில் இருந்ததால் பயமில்லை என்று. எண்ண வேண்டியது மருத்துவமனைகளை. அந்தக் கட்டுரையின் திருத்தத்தைச் சேர்த்ததும் 94.6 சதவீதம். அதன் பிறகு யார் ஆய்வைக் கேட்டாலும் என் முதல் கேள்வியும் “எத்தனை குழு?” என்பதுதான்.

* * *

நான் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவள். பன்னிரண்டு வருஷம் தீவிர சிகிச்சைப் பிரிவில் அந்தத் தாளை நிரப்பியவள். இப்போது உயிரிப்புள்ளியியலில் முதல் வருஷ பிஎச்.டி.

முதலில் எழுதியவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் காலியாக விட்ட இடத்தைப் பார்த்து ஒருவர் வந்து காரணம் கேட்டார் என்று படித்தபோது கண் கலங்கிவிட்டது. என் பன்னிரண்டு வருஷத்தில் யாரும் வந்து கேட்டதில்லை. ‘தரவுத் தரம் மோசம்’ என்று மட்டும் அறிக்கையில் வரும்.

காலிக் கட்டத்தில் இன்னொரு வகையும் உண்டு, உங்களுக்கு உதவலாம். எங்கள் பிரிவில் சிறிய கோடு போட்டால் நோயாளி வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டார் என்று அர்த்தம். தாளைக் கணினியில் ஏற்றியவர்கள் கோட்டையும் காலியையும் ஒன்றாகத்தான் ஏற்றினார்கள். கையை இழுக்கும் அளவுக்குத் தெம்பு இருக்கிறது என்றால் அந்த நேரத்தில் அழுத்தம் அவ்வளவு மோசமாக இருக்க வாய்ப்பில்லை. பழைய தாள்கள் இன்னும் கிடைக்குமானால் கோடுகளைத் தேடிப் பாருங்கள்.

எனக்குக் கணக்குதான் மலையாக நிற்கிறது. ஐகன் மதிப்பு என்றால் என்ன என்று போன மாதம்தான் படம் போட்டுப் புரிந்துகொண்டேன். புதன்கிழமை அணிக்கோவைத் தேர்வு. முடித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.