கேற்றுத் திறப்பு யாருடைய இடுப்பில்? பிள்ளை பார்க்கும் வீடுகளும் நெருப்பும்

உப்புவெளி அம்மா:
போன மாதம் மகளை ஒரு டேகெயாரிலிருந்து நிறுத்திவிட்டேன். அவளுக்கு இரண்டரை வயது. வீட்டில் வைத்துப் பிள்ளை பார்க்கும் ஒரு அம்மாதான், நல்ல மனுசி, சாப்பாடு தீத்துவதில் குறையே சொல்ல முடியாது. ஒருநாள் ஆஸ்பத்திரி டியூட்டி மதியமே முடிந்ததால் வேளைக்குக் கூப்பிடப் போனேன். கேற்றில் ஆமைப்பூட்டு. யன்னலுக்கெல்லாம் இரும்புக் கம்பி. பின்கதவை மறித்து அரிசி மூட்டையும் பழைய தையல் மெசினும். உள்ளே ஒன்பது பிள்ளைகள் பாயில் நித்திரை, அரைச்சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பில் சோறு கொதிக்கிறது. திறப்பு அந்த அம்மாவின் இடுப்பில். அவரோ குளியலறையில். நான்கு நிமிடம் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த நான்கு நிமிடத்தில் என்னென்ன நினைத்தேன் என்று எழுத விருப்பமில்லை. என் கருத்து இதுதான்: திருகோணமலையில் வீட்டில் பிள்ளை பார்க்கும் எவரும் பதிவு எடுக்க வேண்டும், தீயணைப்புப் பிரிவு வந்து பார்க்க வேண்டும். சரியில்லை என்றால் மூட வேண்டும்.

பாலையூற்று அக்கா:
தங்கச்சி, நானும் வீட்டில்தான் பார்க்கிறேன். ஆறு வருடம், இப்போது ஏழு பிள்ளைகள். நானும் கேற்றைப் பூட்டுகிறவள்தான். ஏன் என்று கேட்டீர்களா? எங்கள் ஒழுங்கையில் மாடு வரும், நாய் வரும், டவுன் பக்கம் என்றால் மானே உள்ளே வந்து பூக்கன்றைத் தின்னும். போன வருடம் தாயைப் பிரிந்திருக்கும் ஒரு தகப்பன் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தார். பூட்டாமல் விட்டு ஒன்று ரோட்டுக்கு ஓடியிருந்தால் இதே இடத்தில் என்னை நாலு பேர் கிழித்திருப்பீர்கள்.

மூடு என்று சொல்வது சுகம். மூடினால் இந்த ஏழும் எங்கே போகும்? கண் தெரியாத அம்மம்மாவிடம், அல்லது பள்ளிக்கூடம் போகாமல் நிற்கும் பத்து வயது அக்காவிடம். அந்த வீட்டில் நெருப்புப் பிடிக்காதா?

தோஹா ரிட்டர்ன்:
2012 மே 28 அன்று நான் தோஹாவில் இருந்தேன். வில்லாஜியோ மோலில் தீ. மேல்மாடியில் ஒரு பிள்ளைகள் பராமரிப்பு இடம் இருந்தது. 13 பிள்ளைகள், 4 ஆசிரியைகள், காப்பாற்றப் போன தீயணைப்பு வீரர் 2 பேர், எல்லாமாக 19 உயிர். பெரும்பாலும் புகைதான் கொன்றது. பளபளக்கிற மோலிலேயே இப்படி என்றால், கம்பி அடித்த நம் வீடுகளைச் சொல்லத் தேவையில்லை. அம்மா சொல்வதுதான் சரி.

கச்சான்காற்று:
கட்டார் மோல் எங்கே, பாலையூற்று எங்கே. சரி, உதாரணம்தான் வேண்டுமென்றால் நானும் ஒன்று தருகிறேன். 2019 ஆகஸ்ட், அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் ஈரி நகரம். இரவில் வேலைக்குப் போகும் பெற்றோருக்காக ஒரு வீட்டில் பிள்ளைகளை வைத்துப் பார்த்தார்கள். அரசாங்க அனுமதி உள்ள இடம். நள்ளிரவு தாண்டித் தீப்பிடித்து 5 பிள்ளைகள் செத்துப் போனார்கள். வீடு முழுவதற்கும் இருந்த புகை அலாரம் ஒன்றே ஒன்று, அதுவும் கூரைக்கடியில் இருந்த பரணில். அனுமதிக் கடிதம் அந்த ஐந்தையும் தூக்கிக்கொண்டு வெளியே வரவில்லை. இங்கேயும் என்ன நடக்கும்? யாரோ வருவார், தேநீர் குடிப்பார், முத்திரை குத்துவார். அவர் போனதும் அரிசி மூட்டை திரும்பவும் பின்கதவுக்கு வரும்.

உப்புவெளி அம்மா:
அதற்காக ஒன்றுமே வேண்டாமா? பரணில் மாட்டிய அலாரத்தைப் பார்த்து "இதை அறைக்குக் கொண்டு வா" என்று சொல்ல ஒருவர் வந்திருந்தால் கதை மாறியிருக்கும். நீங்கள் சொல்வது பரிசோதனை வேண்டும் என்பதற்குத்தான் சாட்சி.

பழைய நெருப்புக்காரன்:
இருபது வருடம் துறைமுகப் பக்கம் தீயணைப்பு வேலை பார்த்தவன். இரண்டு பேரும் கடிதத்தையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். எனக்கு வீட்டுக்குள் போக வேண்டும்.

முதலில் பூட்டு. அக்கா, உங்கள் பயம் நியாயம். ஆனால் பிள்ளை வெளியே ஓடாமலிருக்கத் திறப்பு தேவையில்லை, உயரம் போதும். கேற்றின் உட்பக்கம் பெரியவர் கைக்கு மட்டும் எட்டுகிற உயரத்தில் ஒரு கொண்டி போடுங்கள். கேற்றுக்குத் தகரம் அடித்திருந்தால் வெளியில் இருப்பவர் கையை விட்டுத் திறக்கவும் முடியாது. உள்ளேயிருந்து திறப்பு இல்லாமல் ஒரே கையால் திறக்க வேண்டும். ஒரே கை என்று ஏன் சொல்கிறேன் என்றால் மற்றக் கையில் பிள்ளை இருக்கும்.

இரண்டாவது கேஸ். நாங்கள் சமைக்கும் கேஸ் காற்றைவிடப் பாரம், கசிந்தால் மேலே போகாது, தரையில் படியும். பிள்ளைகள் படுப்பது எங்கே? தரையில், பாயில். நீங்கள் நின்றுகொண்டு மணத்தைப் பிடிப்பதற்கு முன்பே அது அவர்களின் மூக்கு மட்டத்தில் நிற்கும். 2021 கடைசியில் நாடு முழுக்கச் சிலிண்டர் வெடித்தபோது ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அந்தச் சண்டை இங்கே வேண்டாம். சிலிண்டரை வெளியே வைத்துச் சுவரில் ஓட்டை போட்டு ஹோசைக் கொண்டு வாருங்கள். பிள்ளைகள் படுத்தவுடன் ரெகுலேட்டரை மூடுங்கள். மணம் வந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், நிற்பாட்டவும் வேண்டாம். கதவைத் திறந்து பிள்ளைகளை வெளியே எடுங்கள்.

எண்ணெய்ச் சட்டி பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூடியைப் போட்டு அடுப்பை நிற்பாட்டினால் அடங்கும். கிடுகில் வேய்ந்த விறாந்தை இருந்தால் வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் அதன் கீழே அடுப்பும் நுளம்புச் சுருளும் வேண்டாம். 2004இல் கும்பகோணத்துப் பள்ளிக்கூடத்தில் 94 பிள்ளைகளைக் கொன்றது சமையல்கூடத்திலிருந்து ஓலைக்கூரைக்கு ஏறின நெருப்புத்தான்.

கடைசியாகக் கைக்கணக்கு. ஒரு மனுசிக்கு இரண்டு கை. நடக்கத் தெரியாத பிள்ளை இரண்டைத் தூக்கலாம், நடக்கிறவை பின்னால் வரும். மூன்றாவது கைக்குழந்தை இருந்தால் அதற்குத் திரும்பி உள்ளே போக வேண்டும். புகைக்குள் திரும்பிப் போனவர்களைத் தூக்கி வந்தவன் நான்.

பாலையூற்று அக்கா:
அண்ணா, கொண்டி சரி, நாளைக்கே போடுவிக்கிறேன். சிலிண்டரையும் வெளியே எடுக்கலாம். கைக்கணக்குத்தான் இடிக்கிறது. என்னிடம் கைக்குழந்தை மூன்று. ஒரு பிள்ளைக்கு மாதம் எட்டாயிரம் எடுக்கிறேன், அதிலும் இரண்டு பேர் பாதிதான் தருவார்கள். உதவிக்கு ஒரு பிள்ளையை வைத்தால் சம்பளம் எங்கிருந்து வரும்? மூன்றாவதை எந்தத் தாயிடம் திருப்பிக் கொடுப்பது, அதையும் சொல்லுங்கள்.

பழைய நெருப்புக்காரன்:
அதற்கு என்னிடம் பதில் இல்லை அக்கா. ஒரு வழி மட்டும் சொல்லலாம். வெளிநாட்டில் சில இடங்களில் சக்கரம் வைத்த தொட்டிலில் மூன்று நான்கு குழந்தைகளைப் போட்டுத் தள்ளிக்கொண்டு வருவார்கள். வாசலில் படி இல்லாவிட்டால் தச்சனிடம் சொல்லிச் செய்விக்கலாம். கதவை விட அகலமாகச் செய்துவிடாதீர்கள், அதையும் பார்த்திருக்கிறேன்.

தோஹா ரிட்டர்ன்:
தீயணைப்புக் கருவி ஒன்று வாங்கி வைத்தால் முடிந்ததுதானே? 1990க்கு எடுத்தால் வருவார்கள்.

பழைய நெருப்புக்காரன்:
தம்பி, 1990 அம்புலன்ஸ். நெருப்பணைக்க வராது. நம் ஊர்த் தீயணைப்புப் பிரிவின் நேரடி இலக்கத்தைக் கேட்டு வாங்கிச் சுவரில் பெரிதாக எழுத வேண்டும். 119 பொலிஸ். கருவி நல்லதுதான், அதன் அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். ஆனால் தனியாள் ஒருவர் கருவியைத் தூக்கினால் பிள்ளையைத் தூக்க முடியாது. பிள்ளைகள் முதலில்.

கச்சான்காற்று:
சுனாமிக்குப் பிறகு பள்ளிக்கூடங்களில் ஒத்திகை வைத்தார்கள், மணி அடித்ததும் மேட்டுப் பக்கம் ஓடினோம். கடலுக்குப் பயந்து ஓடப் பழகிய ஊர் குசினி நெருப்புக்குப் பயந்து ஓடப் பழகவில்லை. சரி அக்கா, கடிதத்தை விடுங்கள். ஒருதரம் ஓடிப் பாருங்கள். நேரம் எடுத்து இங்கே எழுதுங்கள்.

பாலையூற்று அக்கா:
மூன்று நாளாக எழுதாததற்குக் காரணம் வெட்கம். பார்த்தேன். மதியம் எல்லாம் படுத்த பிறகு பக்கத்து வீட்டுத் தங்கச்சியை ஃபோனில் நேரம் எடுக்கச் சொல்லிவிட்டு, சட்டியில் கரண்டியால் தட்டினேன். ஆறு நிமிடம் நாற்பது செக்கன். கொண்டி புதிது, அதில் பிரச்சினை இல்லை. கேற்றுக்கு நேரே என் மனுசனின் மோட்டார் சைக்கிள். அதைத் தள்ளவே ஒரு நிமிடம். இரண்டு பிள்ளைகள் சத்தத்துக்கு எழும்பவே இல்லை. மூன்று வயதுக்காரன் ஒருவனைக் காணவில்லை. கட்டிலுக்குக் கீழே, பயணப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்திருந்தான். கூப்பிடக் கூப்பிட இன்னும் உள்ளே போனான். நான் ஏசுகிறேன் என்று நினைத்தானாம்.

வேப்பமரத்தடியில் எண்ணினால் ஆறு. ஏழாவது யார் என்று எனக்கே உடனே வரவில்லை. பெயர்க் கொப்பி உள்ளே அலுமாரியில்.

பழைய நெருப்புக்காரன்:
ஒளிக்கிறதுதான் சின்னப் பிள்ளைகளின் குணம். அவர்களுக்கு நெருப்பும் பேய்தான், முகமூடி போட்ட தீயணைப்பான் அதைவிடப் பெரிய பேய். அதனால்தான் விளையாட்டாகப் பழக்க வேண்டும். கயிற்றில் முடிச்சுப் போட்டு, முடிச்சுக்கு ஒரு பிள்ளை பிடித்துக்கொண்டு ரயில் விடுங்கள். வாரத்தில் ஒருநாள், சத்தம் கேட்டால் ரயில் வேப்பமரத்துக்குப் போகும். கொப்பியைக் கேற்றடியில் பொலித்தீன் பையில் தொங்கவிடுங்கள்.

உப்புவெளி அம்மா:
அக்கா, எழுதியதற்கு நன்றி. ஆனால் நான் சொன்னதை மாற்றவில்லை. நீங்கள் கேட்டீர்கள், செய்து பார்த்தீர்கள். நான் கேற்றில் நின்ற அந்த வீட்டுக்காரர் இதைப் படிக்கவே மாட்டார். அங்கே இப்போதும் எட்டுப் பிள்ளைகள் படுத்திருக்கிறார்கள். அவருக்கு யாராவது சட்டத்தோடு போய்த்தான் சொல்ல வேண்டும்.

கச்சான்காற்று:
சட்டத்தோடு போகிறவர் பிள்ளை பார்க்கும் உதவியாளுக்குக் காசும் கொண்டு போனால் நானும் கூட வருவேன்.

பாலையூற்று அக்கா:
தங்கச்சி, நீங்கள் ஆஸ்பத்திரியில்தானே? எரிகாயத்துக்கு என்ன செய்வதென்று வந்து சொல்லித் தர முடியுமா? இங்கே எல்லோரும் பற்பசையைத்தான் பூசுகிறோம்.

உப்புவெளி அம்மா:
பற்பசை வேண்டாம், ஐஸும் வேண்டாம். ஓடுகிற பைப் தண்ணீரில் இருபது நிமிடம், பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடி ஆஸ்பத்திரி. சனிக்கிழமை எனக்கு ஓய்வு, வரட்டுமா?

பாலையூற்று அக்கா:
வாங்கோ. பன்னிரண்டுக்கு முதல் வாங்கோ, பிறகு படுத்துவிடுவார்கள். கொண்டி உள்ளே உயரத்தில், உங்களுக்கு எட்டாது, கூப்பிடுங்கோ. மனுசனின் மோட்டார் சைக்கிள் அங்கே நின்றால் எனக்குச் சொல்லாமல் ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கோ.